வானியின் பொய்ப் பயணிகள்

நாங்கள் வானி என்று கூப்பிடும் முர்வானிக்கு வேலை, இல்லாத மனிதர்களை உண்டாக்குவது. ஜகார்த்தாவில் ஒரு கோழிக்கறிக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் எங்கள் சின்ன அலுவலகத்தில் அவள் நாற்காலி என்னுடையதற்குப் பக்கத்தில். புதிதாக ஓர் இணையதளம் வருகிறது என்றால், கூட்டம் வந்தால் அது தாங்குமா என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும். நிஜக் கூட்டத்துக்கு எங்கே போவது? பைத்தான் நிரல்மொழியில் அதற்கென்றே உள்ள ஒரு நிரல் நூலகத்தை வைத்துக்கொண்டு, ஆயிரக்கணக்கான கோரிக்கைகளைக் கட்டுக் கட்டாகத் தயாரித்து அந்தத் தளத்தின் மேல் ஏவிவிடுவாள்.

என்னைப் போன்றவர்கள் ஒரே கோரிக்கையை நகலெடுத்து அனுப்பிவிட்டு, "தாங்குது" என்று எழுதிக் கொடுத்து, காப்பி குடிக்கப் போய்விடுவோம். வானி அப்படியல்ல. அவளுடைய பொய் மனிதர்களில் ஒருவன் அவசரக்குடுக்கை, பக்கம் திறக்கும் முன்னே மறுபடி தட்டுவான். ஒருத்தி பிறந்த தேதியைத் தப்பாகப் போட்டு, அழித்து எழுதுவாள். ஒரு பெரியவர் பாதியில் தொழுகைக்கு எழுந்து போய்விடுவார். ஒவ்வொருவருக்கும் தனிப் பேர், தனி ஊர், தனிக் கைப்பேசி, தனி இணைய இணைப்பு.

"கல்யாணமே ஆகல, அதுக்குள்ள இத்தனை புள்ளைங்களா?" என்று சீண்டுவேன்.

"உங்களுக்கு இவங்க எவ்வளவோ தேவல மாஸ். சொன்ன வேலையச் செய்யுறாங்க." அண்ணனை எங்கள் ஊரில் 'மாஸ்' என்போம்.

அந்த வருடம் நோன்புக்கு முன் ஒரு சமையல் எண்ணெய்க் கம்பெனி எங்களைத் தேடி வந்தது. பெருநாளுக்கு ஊர் போகிறவர்களுக்கு இலவசப் பேருந்து விடுகிறார்கள். பதிவு இணையத்தில். முந்தின வருடம் கள்ளச்சீட்டுக்காரர்கள் நிரல் எழுதி இடங்களையெல்லாம் விழுங்கி, ஏழைகளிடமே விற்றுவிட்டார்கள். அதைத் தடுக்க வானிதான் ஒரு விதி எழுதினாள். ஒரே இணைப்பிலிருந்து சில நிமிடங்களுக்குள் ஐந்து பேருக்கு மேல் பதிவு வந்தால் அது மனிதனில்லை, இயந்திரம். அன்று முழுக்க அதற்குக் கதவு சாத்தப்படும். பொய்க் கள்ளர்களையும் பொய்ப் பயணிகளையும் கலந்து ஏவிப் பார்த்தாள். கள்ளர்கள் அத்தனை பேரும் மாட்டினார்கள், பயணிகள் அத்தனை பேரும் தப்பினார்கள்.

அந்தப் பேருந்தில் அவள் அப்பாவுக்கும் ஓர் இடம் வேண்டியிருந்தது. பெரியவர் என்ற மரியாதையோடு நாங்கள் பாக் விர்யோ என்று அழைக்கும் அவர், மீன்பிடித் துறைமுகத்தில் மூட்டை தூக்கி நுரையீரல் கெட்டுப்போனவர். சொந்த ஊரான வொனோகிரியில் தாய் இறந்தபோது, வேலை போய்விடும் என்று பயந்து ஊருக்குப் போகவில்லை. அண்ணன் சாடிரான் தனியாளாக அடக்கம் செய்தார். அதிலிருந்து பேச்சில்லை. பெருநாள் காலையில் மூத்தவர் முன் மண்டியிட்டு, அவர் முட்டியைத் தொட்டு மன்னிப்புக் கேட்பது எங்கள் வழக்கம். பாக் விர்யோ அண்ணன் முன் மண்டியிட்டுப் பல வருடமாகிவிட்டது. இப்போது அண்ணனே ஆளனுப்பிச் சொல்லியிருந்தார்: "இந்தப் பெருநாளுக்கு வரச் சொல்லு. அடுத்ததுக்கு நான் இருக்க மாட்டேன்."

போனில் கேட்டுவிடலாமே என்றேன் பாக் விர்யோவிடம். "முட்டியத் தொடாம என்னப்பா மன்னிப்பு?" என்றார்.

பதிவு திறக்கும் காலையில் வானியிடம், "உங்கப்பா பேரை இங்கேருந்தே முதல்ல தட்டிடு. யாரு பாக்கப் போறா?" என்றேன்.

"அப்புறம் கள்ளச்சீட்டுக்காரனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம், மாஸ்? எல்லாரும் போற வழியில அவரும் போவாரு."

எனக்குக் கோபம்தான் வந்தது. நேர்மைக்கும் ஒரு நேரம் காலம் வேண்டாமா!

தளம் திறந்தது. திரையில் சிவப்புப் புள்ளிகள், பிடிபட்ட இயந்திரங்கள். அலுவலகமே கைதட்டியது. வடக்கு ஜகார்த்தாவில் ஒரே இணைப்பிலிருந்து விடாமல் முட்டிக்கொண்டிருந்தது ஒன்று.

"அடேயப்பா, உங்க ஏரியாக்காரன்தான் பெரிய கேடி போல."

"முட்டட்டும். சுவர் கெட்டி," என்று சிரித்தாள். காலையிலேயே இடங்கள் தீர்ந்துவிட்டன.

மாலை நோன்பு திறக்கும் நேரத்தில் அவளை வண்டியில் கொண்டுபோய்விட்டேன். சந்து முனையிலேயே தெருத் தலைவர் பாக் ஜுமாடியின் சத்தம் கேட்டது. "ஒருத்தர் பேருக்குமேல ஒருத்தர் பேரா எல்லாருக்கும் நான்தான் உக்காந்து தட்டினேன். அஞ்சு பேருக்கு எடுத்துச்சு. அப்புறம் 'நீ மனுஷன் இல்ல, நாளைக்கு வா'ங்குது! நான் என்ன தகர டப்பாவா?"

வானியின் அப்பா வாழைப்பழத்தைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்த கோலாக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார். "வரிசையில எனக்கு ஆறாவது இடம், வானி. வயசானவங்க முன்னாடி போகட்டும்னு விட்டேன். பரவால்ல விடு. மூட்டை தூக்குற காலத்துலயே என்னை எவன் மனுஷன்னு சொன்னான்?" சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது.

அந்தச் சந்து முழுவதற்கும் இணையம் பாக் ஜுமாடி வீட்டில்தான். வானி படித்ததே அந்த வீட்டு வாசலில், அந்த இணைப்பில்தான். ஆனால் அவள் படைத்த ஆயிரக்கணக்கான பேரில் ஒருவர்கூட அடுத்தவர் வீட்டு இணைப்பை இரவல் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் சோதனையிலேயே விதியின் கோளாறு தெரிந்திருக்கும். தலைக்கொரு இணைப்பை வாரிக் கொடுத்த மகராசி, தான் வளர்ந்த சந்தை மறந்துபோனாள். தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்றாள்.

பிறகு அலையோ அலையென்று அலைந்தாள். ரயிலில் இடமில்லை. தனியார் பேருந்தில் பெருநாள் கழிந்து மூன்றாம் நாளுக்குத்தான் ஒரு சீட்டு கிடைத்தது. அப்பா அதைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். நோன்பு முடிய இரண்டு நாள் இருக்கும்போது வொனோகிரியிலிருந்து போன் வந்தது. அண்ணன் போய்விட்டார்.

பெருநாள் அன்று நான் போனபோது, வீட்டில் ஓலையில் கட்டி வேகவைத்த கெதுப்பாட் சோற்றை யாரும் பிரிக்கக்கூட இல்லை. அப்பா நாற்காலியில் இருந்தார். வானி அவர் முன் மண்டியிட்டு, முட்டியில் நெற்றியை வைத்து, பெருநாளில் எல்லோரும் சொல்கிற மன்னிப்பு வார்த்தைகளைத் தொடங்கினாள். பாதியில் நிறுத்திவிட்டாள்.

"அப்பா, உங்கள மனுஷன் இல்லைன்னு சொன்னது மெஷின் இல்லப்பா. அந்த விதிய எழுதினது நான்தான். என்னை மன்னிச்சிடுங்க."

அவர் கை அவள் தலைமேல் அப்படியே இருந்தது.

"மன்னிச்சுட்டேம்மா," என்றார். "உனக்குக் கேக்குறதுக்கு நான் இருக்கேன். நான் யார்கிட்ட போய்க் கேப்பேன்?"