ஷாகுல் மச்சானின் அடுத்த வருஷம்

செய்தி தொலைபேசியில் வந்தது. நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் ஈப்போவில். மறுமுனையில் காசிம், மச்சானின் ரிங்லெட் ஊர்க் கடைப் பணியாளர்.

"மொதலாளி மௌத்தாயிட்டாரு சார். கம்போங் ராஜாவுல. புதுக் கடைக்குப் பலகை அடிச்சிக்கிட்டு இருந்தோம். நெஞ்சப் புடிச்சிக்கிட்டு உட்கார்ந்தாரு. அவ்ளோதான்."

முதலில் வந்தது துக்கமல்ல. கோபம்.

ஷாகுல் ஹமீது அவர்கள் என் அக்கா சுலைகாவின் கணவர். நானும் அவரும் ஒருவரையொருவர் மச்சான் என்றே அழைத்துக்கொள்வோம். இறந்தவர்களின் நன்மைகளையே பேச வேண்டும் என்பது நம் மார்க்கம் கற்றுத்தந்த ஒழுக்கம். அதை மீறும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் அடக்கம் முடிந்ததிலிருந்து எல்லோரும் ஒன்றையே சொல்கிறார்கள். "உழைச்சே போயிட்டாரு." அந்த வாக்கியம் எனக்கு உள்ளே இறங்கவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லோரி ஓட்டினார். பிறகு தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குக் கீழே, லோரி திரும்பும் இடத்தில், ஒரு சின்ன மளிகைக் கடை. தகரக் கூரை. பனி இறங்கினால் எதிர்ப்பக்கம் தெரியாது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டே "வா அஞ்சல, மகனுக்குக் காய்ச்சல் விட்டுச்சா?" என்பார். அஞ்சலை கொழுந்து கிள்ளுபவர். "செருப்புக்கே பேரு வச்சிட்டீங்களா பாய்?" என்று சிரிப்பார்.

அரிசி அளக்கும்போது மச்சான் 'ஒன்று' என்று தொடங்கமாட்டார். முதல் படிக்கு, "பரக்கத்து." அப்புறம் "ரெண்டு, மூணு." முதல் அளவு இறைவனின் அருளுக்கு. மீதியைத்தான் நாம் எண்ணலாம். தோட்டத்து இந்துப் பெண்களும் தங்கள் வீட்டில் அப்படியே அளக்கத் தொடங்கினார்கள்.

வெள்ளிக்கிழமை குத்பா பிரசங்கம் மலாயில் நடக்கும். தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலின் வெளிக்கூடத்தில் நாலைந்து தமிழ்க் குடும்பத்து ஆண்கள் உட்காருவோம். மச்சான் அதன் சாரத்தைத் தமிழில் சொல்வார். ஒருமுறை இந்த நபிமொழி வந்தது. ஆட்டு மந்தைக்குள் அவிழ்த்துவிட்ட பசித்த ஓநாய்கள் இரண்டு செய்யும் நாசத்தைவிட, பொருள் மீதும் பெருமை மீதும் கொள்ளும் பேராசை ஒருவனின் மார்க்கத்துக்குச் செய்யும் நாசம் பெரிது.

"நம்மகிட்ட ஆடே இல்லயேப்பா ஷாகுலு, ஓநாய்க்கு என்ன வேல?" என்றார் ஒரு பெரியவர்.

"ஆடு நெஞ்சுக்குள்ள இருக்கு மாமு. ஒவ்வொண்ணா கொறயும். கத்தாது. அதான் நமக்குத் தெரியறதில்ல."

இதைச் சொன்னவர் அவர். நான் பல்கலைக்கழகத்தில் எத்தனையோ படித்தேன். பேராசையைப் பற்றி இவ்வளவு துல்லியமாக எங்கும் படிக்கவில்லை. என் எரிச்சலுக்குக் காரணமே இதுதான்.

அக்கா கேட்டது ஒன்றே ஒன்று. ஹஜ். இருவரும் சேர்ந்து. வசதி வந்துவிட்டது, உடம்பில் தெம்பு இருந்தது, கடமையாகிவிட்டது.

"அடுத்த வருஷம்" என்றார். அப்போது கப்பல் பயணம். "ஒங்க அக்காவுக்குத் தாப்பா மலை ரோட்டுல பஸ் ஏறுனாலே வாந்தி. கடல்ல என்னா பண்ணுவா?" பிறகு கப்பல் நின்றது. விமானம் வந்தது. ரிங்லெட் கடையும் வந்தது. "புதுக் கடை மச்சான். கைப்பிள்ள மாதிரி. விட்டுட்டுப் போலாமா?" அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

ரிங்லெட் கடை பெரியது. தராசு வைத்தார். அரிசி மூட்டையிலிருந்து நேரே தட்டுக்குப் போயிற்று. ஒரு நாள் கேட்டேன், "பரக்கத்து எங்க மச்சான்?"

"தராசுக்கு வாய் ஏது மச்சான்? முள்ளு நின்னா சரி."

முள் சரியாகவே நின்றது. இதையும் எழுதியாக வேண்டும். அவர் ஒரு மணி அரிசிகூடக் குறைத்ததில்லை. வட்டி தொட்டதில்லை. ஸக்காத் எனும் கட்டாயத் தர்மத்தை நிலுவை வைத்ததில்லை. அதனால்தான் அவரிடம் யாராலும் எதுவும் சொல்ல முடியவில்லை. ஹலாலான பொருளில் ஆசை நுழையாது என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். அவர் தொழுகையை விட்டதில்லை. ஆனால் முன்பு தொழுது முடித்ததும் விரல் மடித்து இறைநாமம் எண்ணி வெகுநேரம் அமர்ந்திருந்தவர், இப்போது ஸலாம் கொடுத்த கையோடு எழுந்தார்.

அஞ்சலை ஒருமுறை பஸ் ஏறி ரிங்லெட்டுக்கு வந்தார்.

"என்னம்மா வேணும்? சீக்கிரம் சொல்லு."

"ஒண்ணும் வேணாம் பாய். டவுனுக்கு வந்தேன், உங்களப் பாத்துட்டுப் போலாமுன்னு."

"பாக்குறதுக்குக் காசு இல்ல, நல்லாப் பாத்துக்க" என்று சிரித்தார். அதற்குள் அவர் கண் அடுத்த ஆளின் கையில் இருந்தது. முகத்தில் அல்ல. அஞ்சலை சிறிது நேரம் நின்றுவிட்டுப் போனார். மகனைப் பற்றி மச்சான் கேட்கவில்லை.

ஒன்று குறைந்தது. கத்தவில்லை.

கம்போங் ராஜாவில் மூன்றாவது கடை என்றதும் காய்கறி லோரிக்காரர்கள் கிண்டல் செய்தார்கள். "மாமாக் தமாக் லா!" மலாயில் மாமாக் என்றால் தமிழ் முஸ்லிம் கடைக்காரர், தமாக் என்றால் பேராசைக்காரர். மச்சானும் சேர்ந்து சிரித்து அவர்களுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார். நான் சிரிக்கவில்லை.

"அந்த ஓநாய் மச்சான்..." என்று தொடங்கினேன்.

"அது காசு சேக்கிறவனுக்கு. நான் கடைதானே சேக்கிறேன்?"

"அக்கா கேட்டது?"

"அடுத்த வருஷம் கண்டிப்பா. இது ஓடட்டும். மனசு நிம்மதியாப் போவணுமில்ல?"

அக்கா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "அவரு நிம்மதிக்கே கம்போங் ராஜாவுல கடை வேண்டியிருக்கு. மக்காவுல ஒண்ணு கெடைச்சாத்தான் அங்க வருவாரு."

உண்மையில் மச்சானுக்கு அது வலித்தது என்று நினைக்கிறேன். வலித்தும் காலையில் கம்போங் ராஜா போனார். எத்தனை அறிந்திருந்தும் இந்த நோய் அறிவுக்கு மசிவதில்லை. அறிந்தவரிடம் அது இன்னும் நாசூக்காக இருக்கிறது. அவ்வளவே.

உடலை ரிங்லெட் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது குளிப்பாட்ட ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. உடலைச் சுற்றும் கஃபன் துணி வாங்க ஆள் கிளம்பியபோது அக்கா தடுத்தார். அலமாரிக்குள்ளிருந்து மடித்த வெள்ளைத் துணிகள் இரண்டை எடுத்து வந்தார். ஹஜ்ஜில் ஆண்கள் உடுத்தும் இஹ்ராம் துணிகள். கப்பல் காலத்தில் அவருக்காக வாங்கியவை. மடிப்பு மஞ்சளாகியிருந்தது.

குளிப்பாட்ட வந்த பெரியவர் தயங்கினார். "ரெண்டுதான் இருக்கும்மா. கஃபனுக்கு மூணு வேணும்."

"கடையில இருக்கும் மாமு" என்றார் அக்கா. "அங்க எல்லாம் இருக்கு."

காசிம் ஓடிப்போய் மூன்றாவது துணியை எடுத்து வந்தான். புதியது. பளீரென்று வெள்ளை. பழைய இரண்டோடு சேராமல் தனியாகத் தெரிந்தது. அப்படியே சுற்றினோம்.

பிறகு அலமாரியைச் சாத்தப் போனேன். அடியில் இன்னொரு வெள்ளை உடுப்பு. அக்காவே தைத்தது, கைப்பக்கம் சிறு பின்னலோடு.

"அத எடுக்காத" என்றார் அக்கா. "என்னோடது. இத்தா இருக்குற நாலு மாசம் பத்து நாளும் முடியட்டும். நீ என்னெ ஹஜ்ஜுக்குக் கூட்டிக்கிட்டுப் போற. அடுத்த வருஷம்னு மட்டும் சொல்லிராத."

சொல்லமாட்டேன்.

மச்சான், மூன்று கடைகளையும் சாத்திவிட்டோம். இனி யாரும் உங்களை அவசரப்படுத்த மாட்டார்கள். உங்கள் மீது எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அந்தக் கோபத்தோடேயே கைகளை ஏந்துகிறேன். உங்கள் கப்ருக் குழி விசாலமாகட்டும்.