பத்து நிமிஷ கவுன்

ஃபேஷன் என்பது எப்போதும் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். அம்மாக்கள் காலத்துச் சிக்கென்ற இடுப்பும் குடையாக விரியும் பாவாடையும் பஃப் கையும் இப்போது புனேயின் கேம்ப் பகுதிக் கடைகளில் புதுசு என்று தொங்குகின்றன. ஜீன்ஸில் வளர்ந்த பெண்கள் அள்ளிக்கொண்டு போகிறார்கள்.

அங்கே ப்ரீத்தி நடத்தும் கடையின் கவுன்களுக்கெல்லாம் முதல் உருப்படி தைப்பவள், அதே ஊரில் போபோடி பகுதியில் இருக்கும் சுலைஹா. நாற்பத்தைந்து வயது. நிக்காஹ் முடிந்து மேலப்பாளையத்திலிருந்து வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. தைத்ததைத் தானே போட்டுப் பார்த்துத்தான் இடுப்பு இறுக்கமா, கை தூக்க வருகிறதா என்று சரிசெய்வாள். வேலைக்கு இரண்டு நிமிஷம் போதும். அவள் பத்து நிமிஷம் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன் சுற்றிச் சுற்றிப் பார்ப்பாள். தனக்கென்று ஒன்று தைத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். இரண்டு முறை தைத்தாள். இரண்டையும் மகள் ஷஃபானா போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. அந்தக் கோலத்தில் தன்னை அபுதாஹிர் ஒருமுறை பார்க்க வேண்டும். கட்டிய புருஷனிடம் இதைச் சொல்ல என்ன கூச்சமோ, இருந்தது.

வியாழனன்று ப்ரீத்தி போன் செய்தாள்.

"சுலைஹாக்கா, திங்கக்கிழமை டம்மி பொம்மை ஒண்ணு அனுப்பறேனுங்க. இனி நீங்க போட்டுப் பாக்கற கஷ்டம் வேண்டாம்."

"சரிம்மா" என்றாள் சுலைஹா. அன்று பூரா அவளுக்கு ஊசி கோக்கவே வரவில்லை.

மறுநாள், கரும்பச்சையில் வெள்ளைப் பொட்டு வைத்த, பொம்மை வருமுன் அவள் போட்டுப் பார்க்கும் கடைசிக் கவுனைப் போட்டவள் கழற்றவில்லை. ஜும்மா முடிந்து அபுதாஹிர் சாப்பிட வரும்வரை அப்படியே காத்திருந்தாள். கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அவர் வாசலில் செருப்பை விட்டுவிட்டு நிமிர்ந்தார். நின்று பார்த்தார். தொப்பியைக் கழற்றக்கூட மறந்து பார்த்தார்.

"இது யாருக்குத் தச்சது?"

எனக்குத்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். "கடைக்குத்தாங்க. அளவு பாத்துட்டு இருந்தேன்" என்று வந்தது.

"ஓ" என்றார் அவர். அவர் முகத்தில் என்னவோ வந்து அடங்கியது. "அப்ப கழட்டி வச்சிரு. கறி பட்டுறப் போவுது."

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். வெளியே அவர் தட்டெடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. அவர் இன்னொரு தடவை கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவாள். முதுகு ஜிப்பில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் காத்து நின்றாள்.