டயகமவுக்குக் கொண்டுபோன கோடி

"ஐப்பசி, ஞாயிறு. டயகம அத்தை விடியற்காலை காலமானார். எடுப்பு பிற்பகல் மூன்று மணி. அப்பாவும் நானும் வேனில் புறப்படுகிறோம். மழை இல்லை."

அன்று காலை என் நாட்குறிப்பில் எழுதியது இவ்வளவுதான். மாலையில் எழுதியிருக்க வேண்டிய மிச்சத்தை இப்போதுதான் எழுதுகிறேன்.

அத்தை அப்பாவுக்கு மூத்தவர். எங்கள் உடப்புசல்லாவைத் தோட்டத்தில் பிறந்து, மலையின் அடுத்த பக்கம் டயகமவில் வாழ்க்கைப்பட்டவர். உடன்பிறந்தவர்களில் அப்பா ஒருவர்தான் மிஞ்சியிருந்தார். எங்கள் ஆட்களிடையே, கட்டிக்கொடுத்த பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுச்சேலை போகவேண்டும். அதுதான் கோடி. உடன்பிறந்தவர் அதைத் தன் கையால் போர்த்திய பிறகே பெட்டியை மூடுவார்கள். கோடி வராமல் தூக்கினால், கேட்பாரற்றவளாக அனுப்பிவிட்டார்கள் என்று ஊர் பேசும். அப்பா ஊர்ப் பேச்சைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "எங்க அக்காவுக்கு நான்தானே போடணும்" என்று மட்டும் சொன்னார். தீபாவளிக்கு அத்தைக்கென்று எடுத்து வைத்திருந்த அரக்குச் சேலையே கோடியாயிற்று. கடைக்காரர் கட்டிக்கொடுத்த பொதியைப் பிரிக்கக்கூட இல்லை. அப்படியே மடியில் வைத்துக்கொண்டு வேனின் முன் இருக்கையில் உட்கார்ந்தார்.

வேன் எங்கள் லயத்தில், அந்தத் தோட்ட வீட்டு வரிசையில், அடுத்த வீட்டுக்காரருடையது. அவரே ஓட்டினார். அப்பாவைச் சித்தப்பா என்பார். ராகலையை நோக்கி ஏறும்போது, ஸ்டியரிங்குக்குப் பின்னால் எண்ணெய்க் கேன் வடிவில் ஒரு சிவப்பு விளக்கு மினுங்கத் தொடங்கியது. வளைவில் எரியும், வளைவு தீர்ந்ததும் அணையும்.

"தம்பி, அது என்னா லைட்டு?" என்று கேட்டேன்.

"ஒயில் லைட்டுண்ணே. ஏத்தத்துல எரியும், எறக்கத்துல அணைஞ்சிரும். நம்ம பக்கத்துல பழைய வேனெல்லாம் இப்படித்தான்."

"எரிஞ்சா நிப்பாட்டணும்னு சொல்லுவாங்களே."

"அதெல்லாம் கொழும்பு ரோட்டுக்குச் சொன்னது. இது நம்ம கண்டாக்கையா மாதிரி. மேடேறுறப்ப நின்னு முறைப்பாரு. அப்புறம் அவரு பாட்டுக்குப் போயிருவாரு."

கொழுந்து மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாக்களின் முறைப்பைக் காலமெல்லாம் வாங்கியவர் அப்பா. அவர் சிரித்துவிட்டார். அன்று அவர் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

கந்தப்பளை தாண்டிச் சமதரைக்கு வந்ததும் விளக்கு அணைந்தது உண்மை. எண்ணெய் குறைந்துபோன எஞ்சினில், மேடேறும்போது மிச்ச எண்ணெய் ஒருபக்கம் சரிய, பம்பு காற்றை உறிஞ்சும் என்பதைப் பின்னால் வாசித்துத்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் பக்கத்துச் சாரதிகள் அதை மலையின் குணம் என்றே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நுவரெலியாவில் பெற்றோல் ஷெட்டைக் கடக்கும்போது, "எதுக்கும் ஒயில் பார்த்துட்டுப் போவமா?" என்றேன். அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா வானத்தைப் பார்த்தார். நானுஓயாப் பக்கம் கறுத்திருந்தது.

"வாறப்ப பார்த்துக்கலாம். அங்க பெட்டிய மூடிருவாங்க" என்றார் அப்பா.

நானுஓயா தாண்டி லிந்துலைக்கு இறங்கும்போது விளக்கு மறுபடி எரிந்தது. இம்முறை அணையவில்லை.

"எறங்குறப்பவும் எரியுதே" என்றார் அப்பா.

அக்கரப்பத்தனைப் பாதையில் திரும்பிக் கொஞ்ச தூரம் போனதும், எஞ்சினுக்குள் யாரோ தகரத்தைக் கரண்டியால் தட்டுவது போல் ஒரு சத்தம். தம்பி சாவியைத் திருப்பினார். வேன் தானாக உருண்டு, மழைத்தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில் நின்றது. எண்ணெய் பார்க்கும் கம்பியை அவர் உருவிப் பார்த்தார். கம்பியின் நுனிகூட நனையவில்லை.

அந்த வழியே வந்த மோட்டார் சைக்கிளில் தொற்றிக்கொண்டு ஒயில் வாங்க அவர் லிந்துலைக்குத் திரும்பினார். நான் பாதையில் நின்று ஓட்டோக்களை மறித்தேன். ஞாயிற்றுக்கிழமை, எல்லாம் நிறைந்துதான் வந்தன. ஒன்றில் மூன்று பெண்கள் மடியில் ஒரு பெரிய கேக்கைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"அப்பா மட்டும் ஏறலாமா? சாவு வீட்டுக்குப் போகணும்" என்றேன்.

"கேக்கு மேல உக்காந்தா ஏறலாங்க" என்றார் ஓட்டோக்காரர். பிறகு அப்பாவின் கையிலிருந்த பொதியைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "கல்யாண வீட்டுச் சாமான். எறக்கிட்டு வாறேன். வேற ஓட்டோ கெடைச்சா போயிருங்க."

டயகம பஸ் முன்னமே போயிருந்தது. அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. பாதையில் போனுக்குச் சிக்னல் இல்லாததால், அப்பா தேயிலைச் செடிகளைப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறினார். நானும் பின்னால் ஏறினேன். அத்தையின் மகன்தான் அழைத்தார். அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"மாமா, எங்க வந்துட்டீங்க?"

"லிந்துலை தாண்டிட்டம்பா. வேன் நின்னுருச்சு."

"இங்க மழை புடிச்சிருச்சு மாமா. வெட்டுன குழியில தண்ணி ஊறுது. தூக்கிருவோம்னு எல்லாரும் சொல்றாங்க."

"கொஞ்சம் பொறுங்கப்பா."

"பொறுத்துக்கிட்டுத்தான் மாமா இருக்கோம்."

தம்பி ஒயிலோடு வந்தபோது எங்கள் பக்கமும் தூறத் தொடங்கியிருந்தது. ஊற்றி ஸ்டார்ட் பண்ணினார். சிவப்பு விளக்கு அணைந்தது. அப்பா அவசரமாக மேட்டிலிருந்து இறங்கி, கதவில் கை வைத்தார். விளக்கு மறுபடி எரிந்தது. குனிந்து பார்த்தேன். எஞ்சினுக்கு அடியிலிருந்து கறுப்பாக ஒரு கோடு, மழைத் தண்ணீரோடு சேர்ந்து பள்ளத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

"ஊத்துறதெல்லாம் ரோட்டுக்குத்தான் போகுது சித்தப்பா" என்றார் தம்பி. கையைத் துடைத்த துணியால் மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டே இருந்தார்.

செய்வதற்கு எங்களுக்கு ஒன்றுமே இருக்கவில்லை. நாங்கள் மூன்று பேர் இருந்தோம், வேன் இருந்தது, சேலை இருந்தது. டயகம அதே இடத்தில்தான் இருந்தது.

அப்பா மறுபடி மேட்டில் ஏறி அழைப்பு எடுத்தார்.

"யாரையாச்சும் கடைக்கு அனுப்பு. ஒரு புதுச்சேலை வாங்கு. என் பேரச் சொல்லி நீயே போட்டுரு. அது நான் போட்டதுதான். கேக்குதா?"

மறுபக்கம் சத்தம் இல்லை. அப்பா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். எந்தச் சொல்லில் அறுந்தது என்று தெரியவில்லை. திரும்பத் திரும்ப எடுத்தும் கிடைக்கவில்லை.

கடைசியில் வந்து நின்றது கேக் ஏற்றிப்போன அதே ஓட்டோ. "கேக்கு போய்ச் சேந்துருச்சுங்க. ஏறுங்க" என்றார் ஓட்டோக்காரர். தம்பியை வேனோடு விட்டுவிட்டு நாங்கள் ஏறினோம்.

தோட்டத்து எல்லையில், சாவு ஊர்வலத்தில் தப்புப் பறை அடித்தவர்கள் தப்புகளை நனையாமல் பொலித்தீனில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கியபடி எதிரே நடந்து வந்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லுமுன்பே அப்பா, "நிப்பாட்டுங்க" என்றார்.

இறங்கி இடுகாட்டுக்கு நடந்தோம். குழியை மூடி மாலைகளைப் போட்டிருந்தார்கள். அப்பா பொதியோடு நின்றார். "மேல போட்டுருங்க மாமா, மனசு ஆறும்" என்றாள் அத்தையின் மருமகள். "மண்ணுக்கா போடுறது" என்றார் அப்பா. பொதியைப் பிரிக்காமல் திரும்பக் கொண்டுவந்தார். அது இப்போது அவருடைய அலுமாரியில் இருக்கிறது.

அதன்பின் நான் தனித்தனியே விசாரித்தேன். மாமா சொன்னது முழுதும் கேட்டது, ஆள் அனுப்பி வாங்கிய சேலையை மாமா பேரில் நானே போர்த்தினேன் என்கிறார் அத்தையின் மகன். மருமகள் சொல்வது வேறு: "'யாரையாச்சும்'னதோட கட்டாயிருச்சுண்ணே. மழைக்குப் பயந்து தூக்கிட்டோம். அவரு மாமா மனசுக்காகச் சொல்றாரு." பெட்டியை மூடும்போது இவள் சமையல் பக்கம் இருந்ததாகவும் அத்தையின் மகன் சொல்கிறார். டயகமவில் துணிக்கடை வைத்திருப்பவரிடமும் கேட்டேன். அந்த ஞாயிறு பிற்பகல் கடை திறந்திருந்ததா என்றே அவருக்கு நினைவில்லை.

அப்பா யாரிடமும் இதைக் கேட்டதில்லை. நான் விசாரித்ததும் அவருக்குத் தெரியாது. அத்தையின் பெட்டிக்குள் பிறந்த வீட்டுக் கோடி இருந்ததா என்பது, இதை எழுதும் இன்றுவரை உறுதியாகவில்லை.