மதினி மூன்று தடவை படித்த புத்தகம்

"நல்ல புத்தகம் ஒண்ணு சொல்லுங்க" என்று யாராவது கேட்டால் எனக்குச் சுள்ளென்று வரும். படிக்கப்போவது யார், எப்போது, எந்த மனநிலையில் என்று ஒன்றும் சொல்லாமல் நல்ல புத்தகம் கேட்பது, மருந்துக் கடையில் போய் நல்ல மாத்திரையாக ஒன்று கொடுங்கள் என்பது மாதிரி. ஊரில் புத்தகத் திருவிழா நெருங்கிவிட்டால் போதும். கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் என்னோடு வேலை பார்க்கிறவர்கள், அங்கே வந்து போகிற லாரிக்காரர்கள், அத்தை மகள், அவள் நாத்தனார் வரைக்கும் வாட்சப்பில் இதே கேள்விதான். திட்டிக்கொண்டே எல்லோருக்கும் பதிலும் போட்டுவிடுவேன்.

துறைமுக வாசலில் கன்டெய்னரோடு வரிசையில் நிற்கிற டிரைவருக்குத் துப்பறியும் கதைகளைச் சொல்வேன். அத்தியாயங்கள் சின்னதாக இருக்கும். வண்டி நகர்ந்தால் சட்டென்று மூடிவிடலாம், மறுபடி திறந்தால் பிணம் அதே இடத்தில் கிடக்கும். கல்யாணமாகிப் போகிற பெண்ணுக்கு நான்கு தலைமுறைக் குடும்ப நாவல். புகுந்த வீட்டில் யாருக்கு யார் என்ன உறவு என்று மண்டை காய்வதற்கு முன்னால் அது ஒரு பயிற்சி. ரிட்டையர் ஆனவர்களுக்குப் பறவைகளைப் பற்றிய புத்தகம். உப்பளத்துப் பக்கம் பூநாரை வருகிற சமயம் பார்த்துக் கையில் கொடுத்தால் அவர்களுக்கு நடைப்பயிற்சியும் ஆயிற்று, வீட்டில் இருப்பவர்களுக்கு நிம்மதியும் ஆயிற்று. கவிதையை மட்டும் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. அது தானாக ஆளைப் பிடித்தால்தான் உண்டு.

நான் சொல்வதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாத வாசகி ஒருத்தி உண்டு. நான் குடியிருக்கும் மாடிக்குக் கீழே பலசரக்குக் கடையும் வீடுமாக இருக்கும் அண்ணாச்சியின் மனைவி. அவர் என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவதால் இவள் எனக்கு மதினி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடை சாத்தியதும் முட்டி வலியோடு படியேறி வருவாள். நான் எடுத்து நீட்டுவதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு, தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொண்டு போவாள். அண்ணாச்சி அதைத் தடுத்ததில்லை, கேலி மட்டும் செய்வார். "துவரம்பருப்பு கேட்டா உளுந்தம்பருப்பப் போட்டுக் குடுக்கா. என்னன்னு கேட்டா, கதையில ஒருத்தி செத்துப்போயிட்டாளாம்" என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அவர் படிப்பது தினசரி மட்டும். அதையும் கல்லாவில் உட்கார்ந்து தெருவுக்கே கேட்கிற மாதிரிப் படிப்பார்.

எங்கள் ஊரை மூழ்கடித்த அந்த டிசம்பர் வெள்ளத்துக்கு முந்தின நாள், தம்பி மகள் வளைகாப்புக்காக மதினி ஆற்றங்கரையோரம் இருக்கும் தன் பிறந்த ஊருக்குப் போயிருந்தாள். அண்ணாச்சி போகவில்லை. அவர் சர்க்கரை வியாதிக்காரர், வலது காலில் ஆறாத புண். விரல் ஒன்றை ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. அழுக்குத் தண்ணீர் பட்டால் அடுத்தது பாதம்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கிளம்பும்போது மதினி என்னிடம் சொன்னது அந்த ஒரு விஷயத்தைத்தான்.

"ஏளா, நான் வாரது வரைக்கும் அந்தக் காலு நனையாமப் பாத்துக்கோ. சொன்னாக் கேக்க மாட்டாவ. நீ விடாத."

அன்றைக்கு மழை பிய்த்துக்கொண்டு ஊற்றியது. விடிந்தபோது தெருவைக் காணோம். உடைந்த குளத்துத் தண்ணீரும் சாக்கடையும் ஒன்றாகக் கலந்து கடைக்குள் இடுப்பளவு நின்றது. பின் வீட்டில் இருக்கும் உப்பள மேஸ்திரி, கல்லா மேசை மேல் ஏறி உட்கார்ந்திருந்த அண்ணாச்சியை அலாக்காகத் தூக்கித் தோளில் போட்டு என் மாடியில் கொண்டுவந்து இறக்கினார். மேஸ்திரியின் வீடு ஓட்டு வீடு. அதனால் அவரும் அவர் மனைவியும் என்னோடேயே தங்கிவிட்டார்கள். கடையிலிருந்து தப்பித்தது கொஞ்சம் மக்ரூன் டப்பாக்கள், ஒரு மூட்டை பொரி, ஒரு தார் வாழைப்பழம். கரண்ட் இல்லை. போன் செத்துப்போயிற்று. ஆறு கரையை உடைத்துவிட்டது, கரையோர ஊர்களெல்லாம் மூழ்கிக் கிடக்கின்றன என்கிற செய்தி மட்டும் மாடிக்கு மாடி கத்திச் சொல்லி எங்களுக்கு வந்து சேர்ந்தது.

அதைக் கேட்டதிலிருந்து அண்ணாச்சி ஓரிடத்தில் இருக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படிக்கட்டை நோக்கிப் போவதும், மேஸ்திரி இழுத்துக்கொண்டு வந்து உட்கார வைப்பதுமாக இருந்தது.

"நம்ம பக்கத்துப் புதுக்கோட்டை வர நடந்துட்டன்னா அங்கன ஏதாவது வண்டி கெடைக்கும் தங்கச்சி. நான் போறேன்."

"இந்தக் காலோடயா அண்ணாச்சி?"

"காலென்ன பெரிய காலு. அவ அங்கன என்ன பாடு படுதாளோ."

ஒரு மனுஷரை எவ்வளவு நேரம்தான் கையைப் பிடித்து உட்கார வைக்க முடியும்? மேஸ்திரி அசந்த நேரம் பார்த்து இறங்கிவிடுவார் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. இறங்கினால் கால் போய்விடும், இழுப்பு அதிகமான இடத்தில் ஆளே போய்விடுவார். அவரைப் பிடித்து வைக்க என்னிடம் இருந்தது புத்தகங்கள் மட்டும்தான். இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் சிபாரிசு செய்த பெருமையை நம்பி அலமாரியைத் திறந்தேன்.

முதலில் துப்பறியும் நாவல். நான் கடைசி அத்தியாயம் வரை ஏமாந்த கதை அது. அண்ணாச்சி நாலு பக்கம் படித்தார். "கொன்னது இந்த மேனேஜர்தான். கேக்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லுதான் பாருங்க" என்று மூடிவிட்டார். அவனேதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்து, பாய்மரப் படகில் உலகம் சுற்றியவரின் பயணக் கதையைக் கொடுத்தேன். "சுத்தித் தண்ணி நிக்கது போதாதுன்னு இதுலயும் தண்ணியா?" என்று தள்ளி வைத்தார். பேய்க் கதையில் பேய் சும்மா வந்து நிற்கிறதே தவிர ஒரு வேலையும் பார்க்கவில்லை என்றார். ராஜாக்களின் வரலாற்றைப் புரட்டி, பாஞ்சாலங்குறிச்சிச் சண்டை இதில் உண்டா என்று கேட்டார். இல்லை என்றதும் ஆர்வம் போய்விட்டது. வேறு வழியில்லாமல் என் கொள்கையை விட்டுக் கவிதைத் தொகுப்பு ஒன்றையும் நீட்டினேன். "பாதித் தாள வெறுமனே விட்டிருக்கான். காகிதம் விக்கிற விலைக்கு இது அடுக்குமா?" என்றார்.

இதற்கு நடுவில் மேஸ்திரியின் மனைவி பொழுது போகாமல் இருக்கிறாரே என்று ஒரு சமையல் புத்தகத்தைக் கொடுத்துத் தொலைத்தேன். அவர் அதை வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார். வெறும் பொரியைத் தின்று கிடக்கிறவர்கள் காதில், நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம் பொன்னிறமாக வதங்கி, அதில் நண்டைப் போட்டுப் பிரட்டுகிற இடம் வந்தது. மேஸ்திரி புத்தகத்தைப் பிடுங்கித் தன் அடியில் போட்டு உட்கார்ந்துகொண்டார். "இன்னொரு வரி படிச்ச, நானே தண்ணிக்குள்ள குதிச்சிருவேன்" என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. சுவரில் சாய்ந்து என் அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ எதப் படிச்சா?" என்று கேட்டார்.

எனக்கு முதலில் புரியவில்லை.

"ஒங்க மதினி. வாரா வாரம் தூக்கிட்டு வருவாளே. அதுல அவளுக்கு ரொம்பப் பிடிச்சது எது?"

அத்தனை வருஷத்தில் அவர் இதைக் கேட்டதே இல்லை. மதினிக்கு ரொம்பப் பிடித்தது எது என்று எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எடுத்துக் கொடுத்தேன். பனிமலை ஏறப்போன ஒரு கூட்டத்தில் இருந்த பெண் எழுதிய புத்தகம் அது. அட்டையில் வெள்ளை வெளேரென்று ஒரு சிகரம், அதன் அடியில் எறும்பு மாதிரி ஆட்கள். அண்ணாச்சி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவளா? பரண்ல ஏறி அண்டாவ எடுன்னா நூறு சாக்கு சொல்லுவா. இவ மலை ஏறுத கதையப் படிச்சாளா?"

"மூணு தடவ படிச்சாச்சு அண்ணாச்சி. மூணாவது தடவ போன மாசந்தான்."

வேட்டியைச் சரி செய்துகொண்டு உட்கார்ந்தார். புண் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்தார். பிறகு, தினசரியைப் படிக்கிற அதே குரலில் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார்.

ஒரு பக்கத்தையும் விடவில்லை. நாங்கள் மூன்று பேரும் கேட்டுக்கொண்டே இருந்தோம். குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் பனிக்கட்டியை அடுப்பில் வைத்து உருக்க வேண்டும் என்று வந்தபோது, மேஸ்திரி எங்களிடம் மிச்சமிருந்த குடத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். அந்தக் கூட்டத்தில் சதா புலம்பிக்கொண்டிருந்த ஒருவனை மேஸ்திரியின் மனைவிக்குப் பிடிக்காமல் போய்விட்டது. அவன் பேச்சு வரும்போதெல்லாம் "இவன எவன் கூட்டிட்டு வந்தான்" என்றார். இருட்டினால் நிறுத்துவார், வெளுத்ததும் விட்ட இடத்தில் தொடங்குவார். படிக்கட்டுப் பக்கம் போவது நின்றுபோயிற்று.

எனக்கு அந்தப் புத்தகம் தெரியும். புயல் வருகிற அத்தியாயம் நெருங்க நெருங்க, எப்படியாவது அதைத் தாண்டிவிட முடியுமா என்று பார்த்தேன். "அண்ணாச்சி, கண்ணு வலிக்கும், கொஞ்சம் மூடி வைங்க" என்றேன். அவர் கேட்கவில்லை. புயல் அடித்தால் இருக்கிற இடத்தை விட்டு நகரக் கூடாது என்பது அந்தக் கூட்டத்தின் விதி. மேலே போன ஒருவன் திரும்பி வரவில்லை. அவனுடைய கூட்டாளி பொறுக்க முடியாமல், மற்றவர்கள் தடுத்தும் கேட்காமல், அவனைத் தேடிக் கிளம்புகிறான். மறுநாள் காற்று அடங்குகிறது. மேலே போனவன் பத்திரமாக இறங்கி வருகிறான். பனியில் குழி தோண்டி அதற்குள்ளேயே அசையாமல் இருந்திருக்கிறான். தேடிப் போனவன் வரவே இல்லை.

அண்ணாச்சியின் குரல் தாழ்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். புத்தகத்துக்குள் விரலை வைத்தபடி மூடினார்.

"தேடிப் போனவந்தான் போயிட்டான்" என்றார்.

விரலை எடுக்காமலே புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

"இருந்த எடத்துல இருந்தவன் பொழச்சிக்கிட்டான்."

"ஆமா அண்ணாச்சி."

"இத அவ மூணு தடவ படிச்சிருக்கா."

"ஆமா."

"அப்ப அசைய மாட்டா. அங்கனக்குள்ளதான் எங்கயாவது ஒசரத்துல இருப்பா."

அதோடு அவர் அடங்கிவிட்டார். எனக்குத்தான் அடங்கவில்லை. ஆறு உடைத்துக்கொண்டு போன ஊரில் மதினி உயிரோடு இருக்கிறாளா என்பதே தெரியாது. இங்கே ஒரு மனுஷர் ஒரு புத்தகத்தை நம்பி உட்கார்ந்துவிட்டார். அது பொய்த்துப்போனால் இவர் முகத்தில் எப்படி விழிப்பது? பிடித்தது, பிடிக்கவில்லை என்பதற்கு மேல் என் சிபாரிசுகளில் எதுவும் நடந்ததில்லை. அடுத்த இரண்டு நாளும் எனக்குப் பொரிகூட இறங்கவில்லை.

தண்ணீர் முழங்காலுக்கு வடிந்த ஒரு காலையில், புத்தகத்தை முடித்துவிட்டு அண்ணாச்சி மறுபடி முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தார். கீழே தண்ணீரை விலக்கி யாரோ வரும் சத்தம் கேட்டது. மேஸ்திரியின் மனைவி எட்டிப் பார்த்து "ஐயோ அக்கா" என்று அலறினார்.

மதினி வந்துகொண்டிருந்தாள். சேலை இடுப்பு வரைக்கும் சகதி, தோளில் யாருடைய சட்டையோ கிடந்தது, முழங்கையில் சிராய்ப்பு. படியேறி வந்தவள் எங்கள் யாரையும் பார்க்கவில்லை, நேராக அண்ணாச்சியின் காலைப் பார்த்தாள். கட்டு காய்ந்து இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். தம்பி வீட்டு மச்சில் எல்லோரும் பத்திரமாகத்தான் இருந்தார்கள். புன்னைக்காயல் மீனவர்கள் வள்ளத்தைக் கொண்டுவந்து பிள்ளைத்தாச்சியை ஏற்றியபோது இவளும் கூடவே ஏறிவிட்டாள். மற்றவர்கள் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. கரையேறிய இடத்திலிருந்து புதுக்கோட்டை வரை டிராக்டரில் வந்து, அங்கிருந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்த ஆட்களோடு சேர்ந்து நடந்தே வந்திருக்கிறாள். ஓரிடத்தில் தண்ணீர் இழுத்து இரண்டு தடவை விழுந்திருக்கிறாள்.

அண்ணாச்சிக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"ஒனக்குக் கூறு இருக்கா? மச்சுல பத்திரமா இருந்தவ எதுக்கு எறங்குன? தேடிப் போனவன் கதி என்னாச்சின்னு தெரியாதா? மூணு தடவ படிச்சவதான நீ?"

மதினி அப்போதுதான் அவர் கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியும். நீங்க அதப் படிக்கலல்லா? என்னயத் தேடிக் கெளம்பிருவீயன்னுதான் நான் முந்திக் கெளம்புனேன்."

அண்ணாச்சி புத்தகத்தை மூடினார். கடை வாசலில் ஊரையே சத்தம் போட்டு நிற்க வைக்கிற மனுஷர், எங்கள் எல்லோர் முன்னாலும் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"படிச்சிட்டேம்லா" என்றார். "இப்ப நானும் படிச்சிட்டேம்லா."