லோகநாயகியின் கீரைப் படகு

லோகநாயகிக்குத் தண்ணீர் விஷயத்தில் மட்டும் மகா கருமித்தனம். சோறு கேட்டால் தட்டு நிறையப் போடுவாள். ஒரு சொம்பு தண்ணீர் கேட்டால் ஏற இறங்கப் பார்ப்பாள். பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல்மேட்டில் குடியிருந்துகொண்டு, ஊற்றில் சுரண்டிச் சுரண்டி நல்ல தண்ணீர் எடுக்கிறவளுக்கு அந்தக் குணம் வராமல் என்ன செய்யும்? அவள் கொல்லையில் கீரை தழைத்ததற்கும் அந்தக் கருமித்தனம்தான் காரணம்.

எழுபத்தெட்டாம் வருஷம், மகள் எல்லம்மாவை வளைகாப்பு முடித்துத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வந்தார்கள். நர்சம்மா அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே சுண்ணாம்பாட்டம் வெளுத்திருந்தது.

"ரத்தமே இல்லையேம்மா. இப்படியே போனா பிரசவத்துல தாங்க மாட்டா. மாத்திரையோட தினமும் கீரை குடு."

மாத்திரை தொண்டைக்குள் போன வேகத்தில் திரும்பி வந்தது. இனி கீரைதான் கதி. அதுவோ காட்டூரிலிருந்து பஸ்ஸில் வர வேண்டும். மழை பிடித்தால் பஸ் வராது.

பிள்ளை பெற்ற பிறகு மகளுக்கு ஆக்கிப்போட, லோகநாயகி உயிர் விரால்களை வாங்கிக் கொல்லைத் தொட்டியில் விட்டிருந்தாள். முன்பு நூல் வலைகளுக்குச் சாயம் தோய்த்து, நைலான் வலை வந்ததும் வேலையில்லாமல் கிடந்த சிமெண்ட் தொட்டி அது. மீன் துள்ளி வெளியே விழாமலிருக்க மேலே பழைய வலை. கொஞ்ச நாளில் தண்ணீர் நாறியது. கீழே கொட்ட அவளுக்கு மனசு வரவில்லை.

உடைந்த படகின் பாதியைத் தொட்டிக்கு மேலாகக் கல்லடுக்கித் தூக்கி வைத்தாள். கழுவிய கிளிஞ்சலை அதில் நிரப்பி, பொன்னாங்கண்ணிக் குச்சிகளைச் செருகினாள். தொட்டித் தண்ணீரை மொண்டு ஊற்றினால், அது கிளிஞ்சலுக்குள் இறங்கி, படகின் ஓட்டை வழியாகத் தொட்டிக்கே சொட்டியது. நாற்றம் போயிற்று. மீன் கழிவைத் தின்று கீரை கொழுத்தது. அதை எல்லம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டே தினமும் தின்றாள்.

ஐப்பசி மழை கொட்டி பஸ் நின்றுபோன சமயம். விறகு தேடிப் போன லோகநாயகி திரும்பி வந்தபோது, அவள் புருஷன் கோதண்டம் காலிக் குடத்தோடு பெருமையாக நின்றிருந்தார்.

"உன் மீனு சாவக் கெடந்துச்சு. மேல வந்து வாயப் பொளந்து பொளந்து காத்து குடிக்குது. நாந்தான் ஏரித் தண்ணிய ஊத்திக் காப்பாத்தினேன். கீரைக்கும் ஊத்திட்டேன்."

விரால் அப்படித்தான் மூச்சு வாங்கும். ஆயுசெல்லாம் உப்பேரியில் வலை இழுத்த மனிதருக்கு, எந்த மீன் வாயைப் பிளந்தாலும் ஏரித் தண்ணீர்தான் மருந்து!

"பாவி மனுசா! உப்புத்தண்ணி பட்டா கீரை கருகிடுமேயா! பஸ்ஸும் இல்ல. எம் பொண்ணுக்கு இன்னாத்தக் குடுப்பேன்?"

குடத்தின் அடியில் மிச்சமிருந்ததை நாக்கில் விட்டுப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். தன் நாக்கையே அவள் நம்பவில்லை.

"எல்லம்மா, நீ குடிச்சுப் பாரு. உப்பு தெரியுதா?"

"இல்லியேம்மா. ஊத்துத் தண்ணியவிட நல்லாக்கீது!"

அப்புறம்தான் மூன்று பேருக்கும் உறைத்தது. ஆரணி ஆறு வெள்ளமாய் வந்து ஏரியில் விழுகிற நாட்கள் அவை. அப்போது ஏரி உப்பை மறந்து இனிக்கும் என்பது குப்பத்துக் குழந்தைக்கும் தெரியும். அவசரத்தில் அவருக்கும் பயத்தில் அவளுக்கும் மறந்துபோயிற்று. லோகநாயகி ஈர மணலில் பொத்தென்று உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பு அழுகையில் முடிந்தது.

கார்த்திகையில் ஆஸ்பத்திரியில் பேத்தி பிறந்தாள். நர்சம்மா எல்லம்மாவின் இமையை இழுத்துப் பார்த்து, "நல்லா சிவந்திருக்கே! அப்படி என்ன குடுத்தீங்க?" என்றார்.

"ஏரித் தண்ணி..." என்று ஆரம்பித்தார் கோதண்டம். லோகநாயகி முறைத்ததும் வாயை மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் லோகநாயகி பேத்தியைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினாள். ஊற்றிலிருந்து தானே சுமந்து வந்த நல்ல தண்ணீரைச் சொம்பு சொம்பாக மொண்டு, குடம் காலியாகும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தாள்.