விருந்தாளிகளுக்காக வெட்டிய வேலி

ஓடைப்பட்டிப் பக்கம் எங்களுக்குத் திராட்சைத் தோட்டம். வருஷம் முழுக்க என் வீட்டுக்காரர் அங்கே பறவைகளோடு போர் நடத்துவார். வலை, தகர டப்பா, வெடி, எதையும் விட்டுவைத்ததில்லை. அப்பேர்ப்பட்டவரிடம்தான் பறவைக் கணக்கெடுப்புக்காரர்கள் போனில் அனுமதி கேட்டார்கள். தனியார் தோட்டங்களில் என்னென்ன பறவைகள் இருக்கின்றன என்று பார்க்க வேண்டுமாம். பக்கத்துத் தோட்டக்காரரை யாரும் கேட்கவில்லை என்று தெரிந்ததும் இவருக்குப் பறவைகள் மேல் தனிப் பாசமே வந்துவிட்டது. தாராளமாக வரச் சொன்னார்.

எனக்கும் சந்தோஷம்தான். ஓடையை ஒட்டிய எங்கள் முள்வேலி புதர் மண்டிக் கிடக்கும். அதற்குள் ஒரு ஜோடி செம்போத்து கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருந்தது. மோட்டார் போடப் போகும்போது அந்தக் குரலைக் கேட்டால் அன்றைக்கெல்லாம் மனசு லேசாக இருக்கும். "வர்றவுகளுக்கு அந்தக் கூட்டைக் காட்டணுங்க" என்று அவரிடம் சொன்னேன். "காட்டிருவோம்" என்றார். அவர் எதற்கும் அவ்வளவு சுலபமாகச் சம்மதிக்கிற ஆள் இல்லை. நான் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாள் சின்னமனூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பினேன். வேலியைக் காணோம். பொக்லைன் வைத்து வழித்து எடுத்து, சுண்ணாம்புப் பொடியில் கோடு வேறு போட்டிருந்தார். அமைச்சர் வந்தால்கூட இவ்வளவு மரியாதை கிடைத்திருக்காது.

"கூடு எங்கங்க?"

"படிச்சவுக வாராக. முள்ளும் பொதருமா கெடந்தா நம்மளப் பத்தி என்ன நெனப்பாக?"

எங்கள் பக்கம் தோட்டத்தில் களை தெரிந்தால் குடும்பத்தின் மானமே போய்விடும். குஞ்சுகள் போனால் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவரோ வரப்போகிறவர்களுக்கு இளநீர் எத்தனை வெட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

காலையில் வந்தவர்கள் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தார்கள். அவர்களில் ஒரு பெண், "இங்கே புதர் எதுவும் இல்லையா, ஐயா?" என்று தயங்கிக் கேட்டாள்.

"ஒண்ணுகூட விடலம்மா" என்றார் பெருமையாக.

அப்போது வெட்டவெளியில் செம்போத்து இரண்டும் நடந்து வந்தன. ஒன்றின் அலகில் அரணை இருந்தது. வேலி இருந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வந்தன. அந்தப் பெண் பைனாகுலரை இறக்கிவிட்டாள். என் வீட்டுக்காரர் என் தோளைத் தட்டினார்.

"பாத்தியா, இப்ப எம்புட்டு நல்லாத் தெரியுது."