பலகையில் ஏறிய பெயர்

வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு பீட்சாக் கடையில் பல வருடங்கள் வேலை செய்தேன். முதலாளி நேப்பிள்ஸில் பிறந்த கிழவர். அவருக்கு நேப்பிள்ஸ் பீட்சா மட்டுந்தான் பீட்சா. ரோமாபுரியில் சுடுவது பிஸ்கட், சிசிலியில் சுடுவது தடித்த பாண் என்பார். தாதிமார் வந்து அன்னாசி போட்டது கேட்டால் கொடுப்பார், ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கொடுப்பார்.

நான் பின்னால், பீட்சா சுடும் விறகுப் போறணையடியில். மதியத்தில் எனக்கென்று ஒரு பீட்சா சுடுவேன். பொரித்த கத்தரிக்காயில் எங்கள் வீட்டுக் கறித்தூளைப் பிரட்டி, செத்தல் மிளகாயும் கறிவேப்பிலையும் தூவி, சீஸைக் குறைத்துப் போடுவேன். அது விற்பனைக்கல்ல, என் பசிக்கு.

பிறகு கோயம்புத்தூர்க்காரன் ஒருவன் வேலைக்குச் சேர்ந்தான். ஐடி வேலையை விட்டுவிட்டு, சமையல்தான் பிடிக்கும் என்று வந்தவன். முன்னால் நின்று ஓர்டர் எடுப்பான். வந்து கொஞ்ச நாளிலேயே வாடிக்கையாளர்கள் அவனைத் தேடி விசாரிக்கத் தொடங்கினார்கள். அத்தனை வருடத்தில் என்னை யாரும் விசாரித்ததில்லை. அப்போதே எனக்கு அவனைப் பிடிக்காமல் போனது.

ஒருநாள் என் மதியப் பீட்சாவில் ஒரு துண்டை, வழக்கமாக வரும் டொக்டர் ஒருவருக்கு அவன் ருசி பார்க்கக் கொடுத்தான். அவர் நாளைக்கும் வேண்டும் என்றார். மறுநாள் தன்னோடு வேறு ஆட்களையும் கூட்டி வந்தார். அடுத்த கிழமை கடைப் பலகையில் அந்தப் பீட்சா ஏறியது, அவனுடைய பெயரில்.

"வாயைத் திறந்து கேளுங்கோவன். உங்கட பீட்சாதானே?" என்றாள் மனைவி.

கேட்டேன். முதலாளி சிரித்தார். "தக்காளி, சீஸ், பேசில் போட்ட பீட்சாவுக்கு எங்கள் ஊரில் ஒரு ராணியின் பெயர். அவளுக்காகவே செய்தது என்று கதை சொல்வார்கள். ராணி வருவதற்கு முன்பே நாங்கள் அதைத் தின்றுகொண்டுதான் இருந்தோம் என்பார் என் அப்பா. முதலில் செய்தவன் பெயர் யாருக்குத் தெரியும்?"

ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு வயிறு இன்னும் எரிந்தது. அங்கே பெயர் கிடைத்தவளாவது ராணி. இவன் யார்?

அன்றைக்கே அவன் போறணையடிக்கு வந்தான். "அண்ணா, இது உங்க ஐட்டம்னு அப்பவே முதலாளிகிட்ட சொல்லிட்டேன். உங்க பேரை எழுதத்தான் சாக்பீஸே எடுத்தாரு. எழுத்து வராம பாதியில நின்னுட்டாரு, அழிச்சுட்டு என் சின்னப் பேரைப் போட்டுட்டாரு."

என் பெயர் முருகனுடைய நீளமான பெயர்களில் ஒன்று. இந்த நாட்டில் அதை முழுதாகச் சொல்லி முடித்த வெள்ளைக்காரர் எவருமில்லை.

"சுருக்கி எழுதியிருக்கலாந்தானே?"

"கேட்டேண்ணா. பேரைச் சுருக்கினா உங்களுக்குக் கோவம் வரும்னாரு. நீங்களே அவர்கிட்ட சொன்னீங்களாம்."

ஓம், சொன்னனான். சேர்ந்த புதிதில், வீறாப்பாக. அவன் ஒரு பொய்யனாக இருந்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன். அவன் நல்லவன் என்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது. அதன்பின் ஒவ்வொரு நாளும் அவன் பெயரைச் சொல்லி ஓர்டர் வர, என் கத்தரிக்காயை நானே சுட்டுக் கொடுத்தேன்.

பிறகு அவன் மெல்பேர்ன் போய், டார்னெய்ட்டில் சொந்தமாகக் கடை போட்டான். போன வருடம் ஒரு கலியாணத்துக்கு அங்கே போனபோது, பார்க்காமல் வரக்கூடாது என்று மனைவி பிடிவாதம் பிடித்தாள். வாசல்வரை சனம். கையெல்லாம் மாவோடு ஓடிவந்து, "வாங்கண்ணா, வாங்க அண்ணி" என்று இருக்க வைத்தான். கேட்காமலே அந்தப் பீட்சாவைக் கொண்டுவந்தான்.

அடி மெல்லியதாக, மொறுமொறுவென்று இருந்தது, ரோமாபுரிப் பக்கத்து முறை. கத்தரிக்காயைச் சின்னதாக அரிந்து, லேசாகப் புளி விட்டிருந்தான். முதல் கடியிலேயே எனக்கு விளங்கிவிட்டது. என்னுடையதைவிட இது நல்லது.

"எப்படிண்ணா இருக்கு?"

"உப்புக் கொஞ்சம் காணாது, தம்பி."

அவன் முகம் சுருங்கி, தக்காளிச் சாற்றை ருசி பார்க்க உள்ளே ஓடினான்.

"உப்பு அளவாத்தானே கிடக்கு?" என்றாள் மனைவி.

நான் அடுத்த துண்டை எடுத்தேன்.